ஆடி அமாவாசைக்கு வந்த போர்டு

செஞ்சி,
2.8.2025

அன்புள்ள ஆதவன்,

நீங்கள் அனுப்பிய போர்டு ஆடி அமாவாசையன்று வந்து சேர்ந்தது. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, கூரியர்காரர் சாயங்காலம்தான் வந்தார். போனில் நமக்குப் பேச்சு வருவதில்லை, எழுது என்றீர்கள். எழுதுகிறேன்.

குழந்தை தங்காமல் போனதும், ஒரு மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பினீர்கள். பொங்கல் போய் ஆடியும் வந்துவிட்டது. அது கிடக்கட்டும்.

சும்மா இருந்தால் சிப் டிசைன் வேலை மறந்துபோகும், இந்த எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஒரு சீரியல் ரிசீவர் கட்டிப் பார் என்றீர்கள். கட்டிவிட்டேன். லேப்டாப்பிலிருந்து ஒரே கம்பியில் வரிசையாக வரும் பிட்டுகளைப் பிடித்து எழுத்தாக்குகிறது. A தட்டினால் போர்டில் இரண்டு விளக்குகள் எரிய வேண்டும். ஒரு தடவை சரியாக எரிகிறது, மறு தடவை கண்டபடி எரிகிறது. ஏன்?

அங்கே மழையா? வெளியில் சாப்பிட்டே உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
மதி

பெங்களூரு,
9.8.2025

அன்பு மதி,

கடிதம் கண்டேன். ஒவ்வொரு பிட்டையும் அது மாறுகிற விளிம்பிலேயே படிக்கிறாய். ஸ்டார்ட் பிட் வந்ததும் அரை பிட் நேரம் பொறு. பிறகு ஒவ்வொன்றையும் நடுவில் படி. சரியாகிவிடும்.

இங்கே மழை. மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம்.

ஆதவன்

செஞ்சி,
17.8.2025

அன்புள்ள ஆதவன்,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். காலையிலிருந்து விடாமல் எழுத்துகளை அனுப்பினேன், ஒன்றுகூடத் தப்பவில்லை. கொல்லையிலிருந்து வந்த நைனா வாசலில் நின்று பார்த்தார். "இன்னாம்மா, மாப்ள அனுப்புனது வேல செய்யுதா?" என்று கேட்டார். நீங்கள் தீபாவளிக்கு வருவதாக அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள்.

வருவீர்களா? இல்லை, நானே வந்துவிடட்டுமா? துணிமணி எடுத்துவைக்க எனக்கு ஒரு பொழுது போதும்.

உங்கள்
மதி

பெங்களூரு,
30.8.2025

அன்பு மதி,

நெதர்லாந்தில் எனக்கு மூன்று வருட வேலை. ஜூனிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ தேறும்வரை சொல்லவேண்டாம் என்றிருந்தேன். உன் கடைசிக் கடிதம் நிம்மதியாக இருந்தது. உனக்கு வேலை கைவிட்டுப் போகவில்லை. இனி நான் வேண்டியதில்லை.

குழந்தைக்கு வாங்கிய தொட்டில் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தாலும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். தனியாகத்தான்.

ஆதவன்

செஞ்சி,
6.9.2025

ஆதவன்,

விளிம்பில் படிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? அந்தத் தப்பை நானேதான் வைத்தேன். கேட்டால் எழுதுவீர்கள் என்று.

உங்கள்மேல் கோபம் வரவில்லை. தொட்டிலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். பார்க்க முடியவில்லை என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்.

இன்று நைனா கொல்லையில் விளைந்த மல்லாட்டை மூட்டைக்கு வாய் தைத்துக்கொண்டே கேட்டார்:

"மாப்ள எப்ப வராரும்மா?"

"வரமாட்டாரு நைனா. இனிமே வரமாட்டாரு."

கோணி ஊசியைக் கையில் பிடித்தபடி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிச்ச வாயையும் தைத்து முடித்துவிட்டு, "சாப்டியா?" என்றார்.

சாப்பிட்டேன் என்று சொன்னேன். சாப்பிடவில்லை.

ஜெ. அறிவுமதி