தம்பியின் பாட்டில் ஆணிக் கீறல்

ஜோகன்னஸ்பர்க், ஜூலை 1989

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் குளிரில் உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் நலம். பல்கலைக்கழகக் கச்சேரியில் ஒருவன் மேடையேறி, "துரோகி! உன் தம்பி எல்லையில செத்தான், நீ ராணுவத்தத் திட்டிப் பாடுறியா?" என்று என் முகத்தில் குத்தினான். உதடு மட்டும்தான் கிழிந்தது. "அவனப் பத்திதான்டா பாட்டே, உக்காந்து கேளு" என்றேன். கேட்டான். அழுதுவிட்டான்.

அரசு வானொலிக்காரர்கள் என் இசைத்தட்டில் தம்பி வெஸ்ஸெலைப் பற்றிய பாட்டை மட்டும், ஒலிபரப்ப முடியாதபடி ஆணியால் கீறிவிட்டார்கள். அவனைச் சாக அனுப்பியவர்களுக்கு அவன் பெயரைக் கேட்கப் பயம். கீறாத தட்டு ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். அப்பா தேவாலயக் கூட்டத்துக்குப் போனதும் போட்டுக் கேளுங்கள்.

அவனுடைய கம்பளிச் சட்டையும் நீங்கள் சுட்ட ரஸ்க்கும் அனுப்ப முடியுமா? அடுத்த ஊர்க் கச்சேரிக்குப் போகும் எங்கள் வேன் ஹாரன் அடிக்கிறது.

அப்பா தட்டை உடைத்துவிட்டால் எழுதுங்கள். அவர் என்னை உள்ளே விடாவிட்டாலும், நம் வீட்டு வாசலுக்கு வெளியே நின்றாவது அவன் பாட்டைப் பாடிவிட்டுப் போகிறேன்.

ரைனர்