எவர்சில்வர் ஜெயித்த கதை

விஸ்வநத்தம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்ல சுகம். உன் சுகம் போன் குரலில் பாதிதான் தெரிகிறது, மீதியை நீ எழுதித்தான் எனக்குத் தெரிய வேண்டும். நடந்ததைப் போனில் சொன்னால் சிரித்துச் சிரித்தே பாதியை விட்டுவிடுவேன் என்று அப்பா தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்துவிட்டார்.

நம் குழந்தைகள் காப்பகத்தில் கொதிக்க வைத்த தண்ணீர் ஆறுவதற்குள் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடிவிடுகின்றன, சித்திரையில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு என்று புலம்பினேன் அல்லவா, அதைக் கேட்டுத்தானே நீ அந்தப் படத்தை வரைந்து அனுப்பினாய். சன்னமான எவர்சில்வர் குழாய்கள், ஒரு சாண் நீளம், உள்ளே வெந்நீர் ஒரு பக்கமிருந்து, வெளியே பச்சைத் தண்ணீர் எதிர்ப்பக்கமிருந்து, இரண்டும் நூல் போல ஓட வேண்டும், வெந்நீர் ஆறிவிடும், பச்சைத் தண்ணீர் சூடேறி அடுப்புக்கு வரும், கேஸும் மிச்சம். லேத் பட்டறை காளீஸ்வரன் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். எவர்சில்வர் சூட்டை லேசில் கடத்தாது, பித்தளைதான் கடத்தும், இம்புட்டுப் படித்த பிள்ளைக்கு இது தெரியாதா என்றான். அப்பாவும் அவன் கட்சி. எனக்குச் சுருக்கென்றது. அங்கே உன் கம்பெனிக்காரர்களும் இதே மாதிரிக் கருவியைச் செம்பில்தான் செய்ய வேண்டும் என்று உன்னைப் பார்த்துச் சிரித்தார்கள், ஒருவேளை நான்தான் தப்போ என்று நீ அழுதாயே, அதே சிரிப்பு இங்கேயும். வந்த கோபத்தில் இரண்டையும் செய், ஒரே நீளம், ஒரே அளவு ஓட்டை, பார்த்துவிடுவோம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றுப்போனால் உன்னிடம் என்னவென்று சொல்வது.

வெள்ளிக்கிழமை காலை முதலில் பித்தளை. கனத்த கட்டையில் ஓட்டைகள் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வந்த தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை. கட்டையைத் தொட்டால் இந்த முனையும் சுட்டது, அந்த முனையும் சுட்டது. பக்கத்துத் தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு சுவர் நெடுக ஓடிக் குளிர்ந்த முனையைக் கெடுத்துவிடும் என்று நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்து எவர்சில்வர். சுவர் காகிதம் மாதிரி, குறுக்கே கடக்க எவ்வளவு தூரம்? நெடுக ஓடத்தான் சூட்டுக்கு வழி இல்லை. அப்பா ஒரு முனையைத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை எடுத்தார், மறு முனையைப் பிடித்தவர் பிடித்தபடியே நின்றார். காளீஸ்வரன் தம்ளரில் பிடித்துக் குடித்தான், இன்னொரு தம்ளரும் குடித்தான், பிறகு, "எக்கா, பிள்ள சரியாத்தான் சொல்லியிருக்கு. அம்புட்டுச் சூடும் என் கட்டை நெடுகவே ஓடிப்போச்சுக்கா" என்றான்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, தம்ளரைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு காப்பகத்தை இரண்டு சுற்றுச் சுற்றிவந்தேன், இருபத்திரண்டு பிள்ளைகளும் எதற்கென்று தெரியாமலே என் பின்னால் கத்திக்கொண்டு ஓடிவந்தன. அப்பா டீக்கடையில் போய், எவர்சில்வர்தான் ஜெயிக்கும் என்று முதலிலேயே தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் மறுக்கவில்லை, சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டு நாளாகப் பிள்ளைகள் ஒன்றுகூடக் குழாயடிப் பக்கம் போகவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதே. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. எனக்கு உன் கணக்கு தெரியாது தாயி, நீ சொன்னாய் என்பதற்காகத்தான் பிடிவாதம் பிடித்தேன். உனக்குக் கணக்கும் தெரியும். பதினேழாம் தேதி அந்தக் கம்பெனிக்காரர்கள் முன்னால் நிற்கும்போது குரலைத் தாழ்த்தாமல் சொல். சிரித்தால் சிரிக்கட்டும், சிரித்து முடிகிறவரை பொறுத்திருந்து மறுபடி சொல்.

நினைத்தது கூடிவந்து, மேலுக்கு ஒரு குறையும் இல்லாமல் நீ நிறைந்திருக்க வேண்டும். பதினேழாம் தேதி முடிந்ததும், எத்தனை மணியானாலும், என்னைக் கூப்பிடு. இன்னொன்று, ஒரு சாணுக்குப் பதில் இரண்டு சாண் செய்தால் இன்னும் குளிருமா என்று உன்னிடம் கேட்டு எழுதச் சொல்லிக் காளீஸ்வரன் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

உன் அம்மா,
முருகம்மாள்.