அண்ணி படித்த ஆங்கிலச் சொல்

அண்ணி,

இன்று மத்தியானம் சோறு வடித்தேன். அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் மின்சாரப் பானை வந்துவிட்டது; நான் மட்டும் இன்னும் வடித்துத்தான் சாப்பிடுகிறேன். கஞ்சியைக் கொட்டப் போனபோது ஆவி முகத்தில் அடித்தது. கை அப்படியே நின்றுவிட்டது. "கொட்டிடாத பாப்பா, யூனிபார்முக்கு வேணும்லா" என்று நீங்கள் முன்கட்டிலிருந்து குரல் கொடுக்கும் நேரம் அது. குரல் வரவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டுக் கொட்டினேன்.

இதே காஜா பெராங் வீட்டில் அன்று நாம் மூன்று பேர். ரப்பர் கடையில் நிறுவை பார்த்த அண்ணன், நீங்கள், ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான். அப்பா அம்மா போனபின் அண்ணனுக்கு நான் ஒரு பொறுப்பு. உங்களுக்கு நான் பேச்சுத்துணை. இதே ஊரில், தெங்கேராவில் பிறந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர் நீங்கள். ஆஸ்பத்திரிக்கு உதவி நர்ஸ் எடுக்கிறார்கள், ஆங்கிலப் பரீட்சையும் இன்டர்வியூவும் உண்டு என்று கேள்விப்பட்டதும் எங்கிருந்தோ ஓர் அகராதியை இரவல் வாங்கி வந்தீர்கள். நான் துணி வெட்டுவேன். நீங்கள் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து உரக்கப் படிப்பீர்கள். அப்படி ஒரு நாள்தான் 'கிளீவ்' வந்தது.

"இங்க பாரு பாப்பா, வேடிக்கைய. கிளீவ்னா பிளக்கறது. ஸ்பிளிட், செவர் எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க. கீழ பாரு, அதே கிளீவ், ஒட்டிக்கறது. கிளிங், ஸ்டிக்."

"அது எப்படி அண்ணி? ஒரே சொல்லு வெட்டவும் செய்யும், ஒட்டவும் செய்யுமா?"

"பொறக்கும்போது ரெண்டும் வேற வேற சொல்லாம். போகப் போக ஒண்ணா ஆயிடுச்சாம்."

"அப்ப ஒருத்தர் சொன்னா எதைச் சொல்றாருன்னு எப்படித் தெரியும்?"

"பக்கத்துல வர்ற சொல்லப் பாக்கணும். அதை வச்சுத்தான் தெரியும்."

தமிழில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா என்று இருவரும் வெகுநேரம் தேடினோம். அகப்படவில்லை.

இந்த நாட்டுச் சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று ஊர்த் திடலில் அறிவித்ததிலிருந்து கோப்பிக் கடைகளில் அதே பேச்சு. அண்ணன் அங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். வீட்டுக்கு வந்தால் பேச மாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவாமலே சொன்னார்.

"இந்தியாவுக்கு, நம்ம ஊருக்கே போயிடலாம். வெள்ளைக்காரன் போயிட்டா நம்மள இங்க யாரு கேக்கப் போறா? அங்க அப்பா வீடு கெடக்கு, கொஞ்சம் நெலம் கெடக்கு."

நீங்கள் மோர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை.

"நான் வரலைங்க."

"என்னது?"

"உங்க ஊர நான் கண்ணால பாத்ததில்ல. எனக்குத் தெரிஞ்ச மண்ணு இதுதான். எங்கம்மாவ இங்கதான் எரிச்சோம்."

"பொண்டாட்டின்னா புருஷன் போற எடத்துக்கு வரணும்."

"நான் உங்களப் போங்கன்னா சொல்றேன்? இருங்கன்னுதானே சொல்றேன்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "நீ?"

"நான் அண்ணிகூட இருக்கேண்ணே" என்றேன். அது உங்கள் மேல் இருந்த பாசமா, கப்பல் மேல் இருந்த பயமா என்று எனக்கு இன்றும் நிச்சயமாகத் தெரியாது. அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். கோபக்காரர் இல்லை அவர். கோபித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாரத்தில்தான் உங்களுக்கு இன்டர்வியூ. திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தையல் மெஷினுக்கு எதிரே உட்கார்ந்தீர்கள். வெள்ளைக்கார மேட்ரன், கணவர் இந்தியா போகிறாராமே, நாங்கள் எல்லாம் கற்றுக்கொடுத்த பிறகு நீயும் அவர் பின்னாலேயே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

"என்ன சொன்னீங்க?"

"வாயில வேற எந்தச் சொல்லும் வரல பாப்பா. ஐ கிளீவ், மேடம்னு சொல்லிட்டேன். அந்தம்மா பேனாவக் கீழ வச்சிட்டு என்னையே பாத்தாங்க. எந்த அர்த்தத்துலன்னு கேட்டாங்க. எனக்கே இன்னும் தெரியல மேடம்னேன்."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் முகம் கோணிக்கொண்டு போனது. அண்ணன் கிளம்பப் போகிறார் என்று தெரிந்த பிறகு நீங்கள் அழுததை நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். வேலை கிடைத்தது.

கப்பலேற்ற நாம் கிள்ளான் துறைமுகம் வரை போனோம். அண்ணனின் சட்டைகளை நீங்களே இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தீர்கள். "உடம்பப் பாத்துக்க" என்றார் அவர். "நீங்களும்" என்றீர்கள். அவ்வளவுதான். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தீர்கள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. புருஷன அத்துக்கிட்டு நிக்கிறவ என்றார்கள். நீங்கள் கஞ்சி போட்ட யூனிபார்மில் மொடமொடவென்று அவர்களைத் தாண்டி வேலைக்குப் போனீர்கள். அவர்கள் வீட்டுப் பிரசவங்களுக்கே நீங்கள்தான் கை பிடித்தீர்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் அண்ணனுக்கு வேட்டியும் பிஸ்கட் டின்னும் பார்சலில் போகும். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. திரும்பியும் வரவில்லை.

சில வருடங்கள் கழித்து, நுரையீரல் கெட்டுப் படுத்திருக்கிறார் என்று தந்தி வந்தது. லீவு கேட்டீர்கள், கிடைத்தது. பார்க்கவே மறுத்த ஊருக்குத் தனியாகக் கப்பலேறினீர்கள்.

அந்த மாதங்களில்தான் தனிமை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. சாயந்திரம் விளக்கைப் போட்டுவிட்டு யாருக்காகப் போட்டேன் என்று நிற்பேன். துணிக்கடைக்காரர், "போனவங்க இனி எங்கம்மா திரும்பப் போறாங்க, புருஷன் வீடுலா அது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு காலையில் டாக்சி வாசலில் நின்றது. இளைத்துக் கறுத்து, நெற்றியில் பொட்டில்லாமல் இறங்கினீர்கள்.

"வந்துட்டீங்களா அண்ணி!"

"பின்ன எங்க போவேன்?"

குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் சொன்னீர்கள். கடைசி வரை நீங்களே அவரைத் துடைத்து, மருந்து கொடுத்து, நிமிர்த்தி உட்கார வைத்திருக்கிறீர்கள். ஒரு நாள் அவர், "என்னைய விட்டுட்டுத்தானே இருந்த?" என்று கேட்டாராம். "நீங்கதானே விட்டுட்டுப் போனீங்க" என்றீர்களாம். "ரெண்டு பேரும் சிரிச்சோம் பாப்பா. அவருக்கு மூச்சு வாங்குச்சு, இருந்தாலும் சிரிச்சாரு."

அதன் பிறகு அவரைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. நீங்கள் ரிட்டையர் ஆகும்வரை வேலை பார்த்தீர்கள். நான் கண் மங்கும்வரை தைத்தேன். எனக்கு வந்த வரன்களை நான் தட்டிக்கழித்தபோது நீங்கள் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு கிழவிகள், ஒரு வீடு, ஒரு ரேடியோ. போன மழைக்காலத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். நீங்கள் அண்ணனுக்குச் செய்ததையெல்லாம் நான் உங்களுக்குச் செய்தேன். எனக்கு நர்ஸ் வேலை தெரியாது. பார்த்துப் பார்த்துக் கற்றதுதான்.

போன வாரம் ரத்த அழுத்தம் பார்க்க கிளினிக்குக்குப் போயிருந்தேன். சின்னப் பெண் ஒருத்தி, தமிழ்ப் பெண்தான், விவரம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள்.

"வீட்ல கூட யாரு இருக்காங்க, ஆன்ட்டி?"

"அண்ணி இருக்காங்க" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். நான் திருத்தவில்லை.