‘சரி’ என்ற பொத்தான்

பிப்ரவரி 3, 2025, திங்கள்

வீட்டுக் கணினியில் மூன்று வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றை ஒன்று வைரஸ் என்று நினைத்துத் தடுத்துக்கொண்டிருக்கின்றன. தகவல் தந்தவர்: பாச்சாங் கணினிக் கடை முஃபீத். இன்று காலை வீட்டுக்கே வந்து பார்த்து உறுதிசெய்தார்.

“மலரக்கா, இது கம்ப்யூட்டரா, பசார் மாலாமா? ஆளாளுக்கு ஒரு கடை போட்டிருக்கான்!”

இரவுச் சந்தையாம். சிரிப்பு வரவில்லை. சுங்கை ரம்பாய் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டச் செய்தியை சனிக்கிழமை அனுப்ப முடியாமல், கடைசியில் கைப்பேசியில் கட்டைவிரலால் தட்டி அனுப்பினேன். “அக்கா, பக்கத்த மூடப் போறோம் லா” என்று பத்திரிகை ஆசிரியர் கணேஸ்வரன் கத்திக்கொண்டே இருந்தார்.

இத்தனையையும் போட்டது யார் என்று முஃபீத் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் கணவர் ஹரிதாஸ் என்று சொல்லியிருப்பேன். போன தீபாவளிக்கு முன்பு பக்கவாதம் வந்தது. வலது கை இன்னும் சரியாக எழவில்லை. படித்தால் எழுத்துகள் கலைகின்றன போலிருக்கிறது. பேச்சில் மிஞ்சியது ஒரே சொல். சரி. பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி. திரையில் ஏதாவது பெட்டி எழும்பி இரண்டு பொத்தான்களைக் காட்டினால், நிறம் உள்ளதை இடது கையால் அமுக்குகிறார். நிறம் எப்போதும் ‘சரி’க்குத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 5, புதன்

முஃபீத் மீண்டும் வந்தார். வேண்டாதவற்றை நீக்கினார். தடுப்பு மென்பொருளில் ஒன்றை மட்டும் விட்டார். பிறகு கணக்கை இரண்டாகப் பிரித்தார். தினமும் புழங்க ஒன்று, நிர்வாகிக்கு ஒன்று. இனி எதை நிறுவுவதானாலும் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும்.

“அண்ணன் என்ன அமுக்கினாலும் அது உங்ககிட்டதான் வந்து நிக்கும். எல்லா வீட்லயும் இப்படித்தான் வைக்கணும். எவனும் வைக்கறதில்ல.”

நானும் வைத்ததில்லை. ஒரு செய்தியை இரண்டு பேரிடம் விசாரிக்காமல் எழுதியதில்லை. ஆனால் இந்தக் கணினிக்குள் எது வருகிறது, யார் அனுப்புகிறார்கள் என்று ஒரு நாளும் விசாரித்ததில்லை. அதெல்லாம் ஹரிதாஸ் வேலை. ஆயர் கெரோ தொழிற்சாலையில் ஸ்டோர் மேற்பார்வையாளராக இருந்தவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை கணினியைத் திறந்து, புதுப்பித்து, பயன்படாததை நீக்கி, என் செய்திகளையெல்லாம் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைப்பார். சனிக்கிழமைப் பூசை என்று கிண்டல் செய்வேன். டிஸ்க் அக்டோபரிலிருந்து அலமாரியை விட்டு வெளியே வரவில்லை.

முஃபீத் பேசும்போது அவர் அங்கேயே, நாற்காலியில்தான் இருந்தார். “என்னங்க, இப்படி வச்சிக்கலாமா?” என்று கேட்டேன்.

“சரி.”

எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. கடவுச்சொல்லை மறந்துவிடுவேன் என்று ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டினேன்.

பிப்ரவரி 8, சனி

கணினி வேகமாக ஓடுகிறது. அவர் அதன் பக்கம் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். நாள் முழுக்கக் காவடிகளுக்குப் பின்னால் நடந்து, செய்தி அனுப்பி, வந்து சோறு வடித்து, அவருக்கு ஊட்டி, குளிப்பாட்டி — எதை முதலில் செய்தேன் என்று இப்போது நினைவில்லை. கால் வீங்கியிருக்கிறது.

அவர் பேச்சுப் பயிற்சி செய்தாரா என்று நான் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரி. பேச்சுப் பயிற்சி தரும் பெண் இளையவர், பொறுமையானவர். அவர்கள் கொடுத்த மென்பொருள் கணினியில் இருக்கிறது. படம் வரும், மலாய்க் குரல் ஒரு சொல் சொல்லும், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும், அது பதிவாகி ஆஸ்பத்திரிக்குப் போகும். பூனைப் படம். ‘கூச்சிங்’. அவர்: “சரி.” வீட்டுப் படம். ‘ரூமா’. அவர்: “சரி.”

அந்தப் பெண் பதிவுகளைப் பார்த்தார். பிப்ரவரி ஐந்துக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

“புவான், கெனா பிராக்டிஸ் ஹாரி-ஹாரி.” தினமும் செய்தே ஆக வேண்டும் என்றார். மார்ச் இருபதாம் தேதி மதிப்பீடு. அதற்குள் முன்னேற்றம் எதுவும் இல்லையென்றால் வாரம் ஒருமுறை வகுப்பு என்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறையாகிவிடும். காத்திருப்போர் அதிகம். அந்தப் பெண் மேல் கோபப்பட ஒன்றுமில்லை.

முதல் வருடத்தில் வராத பேச்சு பிறகு வருவது கடினம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானே இதைப் பற்றி முன்பு கட்டுரை எழுதியிருக்கிறேன்.

வண்டியில் வரும்போது கேட்டேன். “ஏங்க உக்கார மாட்றீங்க? நான் என்னதான் பண்றது, சொல்லுங்க.”

வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பிப்ரவரி 22, சனி

பிற்பகல் கணினியில் உட்கார்ந்தார்! தொந்தரவு செய்யாமல் அடுப்படியிலேயே இருந்தேன். சிறிது நேரத்தில் காலை இழுத்துக்கொண்டு வந்து, என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார். திரையில் கடவுச்சொல் பெட்டி. மறுபடியும் எதையோ இறக்கியிருக்கிறார்.

“வேணாங்க. போன தடவ பட்டது போதும்.” பெட்டியை மூடினேன்.

“சரி” என்றார். பிறகு கட்டிலுக்குப் போய்விட்டார். பயிற்சி செய்யவில்லை.

நான் செய்தது சரிதான். சரிதானே?

பிப்ரவரி 25, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

செர்காம் படகுத்துறைச் செய்தியை முடித்துவிட்டு நண்பகலில் வந்தேன். கணினிமுன் உட்கார்ந்திருந்தார். அதே கடவுச்சொல் பெட்டி. என்னைப் பார்த்ததும் இடது கையால் திரையைக் காட்டினார். மூடப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கமாக. வலித்தது.

சரி, எதைத்தான் கேட்கிறது என்று முதல் தடவையாகப் பெட்டியைப் படித்தேன். அதை ஓரமாக இழுத்துவிட்டுப் பின்னால் இருந்த பக்கத்தையும் பார்த்தேன். ஒரு பெரிய ‘அ’. பக்கத்தில் அம்மாவும் குழந்தையும். தமிழ் கற்கும் மழலையர் விளையாட்டு. ஏதோ ஊர்பேர் தெரியாத தளம், பச்சைப் பொத்தான்கள் நிறைந்தது. மேலே தேடு பெட்டியில் ஆங்கில எழுத்தில் ‘தமிழ்’ என்று தட்டியிருந்தார். அதிலும் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது.

இறக்கியவை கிடக்கும் பகுதியைத் திறந்தேன். ஜனவரியிலிருந்து எல்லாம் அதுதான். தமிழ் எழுத்து. தமிழ்ச் சொல். தமிழ்ப் பாட்டு. ஒவ்வொன்றும் கூடவே ஒரு குப்பையைக் கூட்டிவந்திருக்கிறது — தடுப்பு மென்பொருள், துப்புரவு மென்பொருள், என்னென்னவோ.

ஐயோ, இந்த மனுசன் தமிழ்தான தேடியிருக்காரு.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் முகப்பில் இருந்த பெண் கேட்டார்: “பஹாசா அப்பா, புவான்?” என்ன மொழி வேண்டும் என்று. “மெலாயு போலே” என்றேன், மலாய் போதும் என்று. யோசிக்கக்கூட இல்லை. இந்த ஊரில் எந்த முகப்பில் கேட்டாலும் நம் வாய் அதைத்தான் சொல்லும். அவரும் முப்பது வருடம் மலாயில் வேலை பார்த்தவர், என்ன குறை? ஆனால் மிஞ்சிய ஒரு சொல் என்ன மொழியில் இருக்கிறது என்று நான் கவனிக்கவில்லை. தினமும் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது.

கடவுச்சொல் தாள் திரைக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்துத் தட்ட அவருக்கு முடியவில்லையா, தட்டக்கூடாது என்று விட்டாரா தெரியாது. என்னைத்தான் வந்து கேட்டார்.

பிப்ரவரி 26, புதன்

ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசினேன். மொழியை மாற்றச் சொன்னேன். தமிழ் பேசும் பயிற்சியாளர் இங்கே இல்லை, விசாரிக்கிறோம் என்றார்கள்.

மார்ச் 1, சனி

நாளை நோன்பு தொடங்குவதால் முஃபீத் இன்றே வந்தார். தாளைத்தான் முதலில் பார்த்தார்.

“பூட்டு போட்டுட்டு சாவிய கதவுலயே தொங்கவிட்டிருக்கீங்களேக்கா! நியூஸ்ல போடுங்க இத.”

ஹரிதாஸின் தோள் குலுங்கியது. சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று.

நல்ல தமிழ்ப் பயிற்சி மென்பொருள் ஒன்று, எவ்வளவானாலும் பரவாயில்லை, வாங்கிப் போடுங்கள் என்றேன். முஃபீத் மறுத்துத் தலையாட்டினார்.

“புதுசா ஒண்ணுமே வேணாம். மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. படம் காட்ட இருக்கு, குரல் பதிய இருக்கு, எல்லாம் வாங்கும்போதே உள்ள வந்தது. நீங்க நிருபர்தான? ஊர்ல எல்லார் குரலையும் பதியறீங்க. அண்ணனுக்கு உங்க குரல பதிஞ்சு வைங்க.”

பிற்பகல் முழுக்க வீட்டைப் படம் எடுத்தேன். சாவி. தேத்தண்ணிக் குவளை. அவருடைய செருப்பு. பக்கத்து வீட்டுப் பூனை. ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லிப் பதிந்தேன். கடைசியில் மேசையில் ரொட்டியும் சம்பாலும் வைத்து ஒரு படம், அதற்கு, “பசியாறியாச்சா?”

பிறகு பூசை. அலமாரியிலிருந்து டிஸ்க்கை ஹரிதாஸே எடுத்துவந்தார். புதுப்பிக்கச் சொல்லிக் கேட்டவற்றை ஒவ்வொன்றாக நான் வாய்விட்டுப் படித்தேன், அவர் கேட்டார், பிறகு அமுக்கினார். ஓரிடத்தில் ஏற்கெனவே டிக் போட்ட சின்னக் கட்டம் ஒன்று இருந்தது, இதையும் சேர்த்து நிறுவட்டுமா என்று. நான் தாண்டிப் போய்விட்டேன். அவர் என் கையைத் தட்டி நிறுத்திக் காட்டினார். டிக்கை எடுத்தேன்.

தாளைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

தினமும் உட்காருகிறார். பூனைக்கும் “சரி”. சாவிக்கும் “சரி”. என் குரலை நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று ரொட்டிப் படத்துக்கு ஒரு “ப”. நான் கேட்டது உண்மையா என்று பதிவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ப. இருக்கிறது.

மார்ச் 15, சனி

முதல் சனிக்கிழமை இல்லை, ஆனாலும் இருவரும் கணினிமுன் இருந்தோம். ஒரு பெட்டி எழும்பியது: உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது, இலவசமாகச் சுத்தம் செய்யவா? பச்சை நிறத்தில், ‘சரி’. ஓரத்தில், சாம்பல் நிறத்தில், கண்ணுக்கே தெரியாத ‘வேண்டாம்’. நான் படித்துக் காட்டினேன்.

அவர் நெடுநேரம் பார்த்தார். வாய் கோணியது. உதடு சேர்ந்து பிரிந்தது. வியர்த்துவிட்டது அவருக்கு.

“வே... ணா.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அவரே சாம்பல் பொத்தானைத் தேடிப் பிடித்து அமுக்கினார்.

மார்ச் 20, வியாழன்

மதிப்பீடு. பயிற்சியாளர் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. பதிவுகளைப் போட்டுக் காட்டி, இது வேணா, இது பசியாற, இது சாவி என்று மலாயில் விளக்கினேன். எல்லாச் சொல்லும் முழுசாக இல்லை. “பகுஸ், பா சிக்” என்று அவரைப் பாராட்டினார், அருமை மாமா என்று. வார வகுப்பு இப்போதைக்குத் தொடரும். எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து இருவரும் தூங்கிவிட்டோம். செய்தி எதுவும் அனுப்பவில்லை. கணேஸ்வரன் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

பூசை முடிந்தது. டிஸ்க் கழற்றி அலமாரியில். முஃபீத் பெருநாள் பலகாரத்தோடு வந்து போனார். போகும்போது, அந்தத் தாள் இருந்த காலத்துக் கடவுச்சொல்லை மாற்றிவிடச் சொன்னார். அவர் போன பிறகு நிர்வாகிக் கணக்கைத் திறந்து, பழையதைத் தட்டினேன். புதியது கேட்டது. ஹரிதாஸ் என் கையை விசைப்பலகையிலிருந்து மெல்ல நகர்த்தினார். முகத்தைத் திருப்பிக்கொள் என்று சைகை.

திருப்பிக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக, இடைவெளி விட்டு, தட்டும் சத்தம். புதியதை மறுபடியும் ஒருமுறை உள்ளிடக் கேட்கும் அது. மீண்டும் அதே மெதுவான சத்தம். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ஏற்கும். ஏற்றது. மறக்காமலிருக்க ஒரு துண்டுத் தாளில் இடது கையால் ஏதோ கிறுக்கி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உறுதியானது: நிர்வாகி இப்போது அவர். நேரில் இருந்தேன்.

நிலுவையில்: சிரம்பானிலிருந்து தமிழ் பேசும் பயிற்சியாளர் காணொளியில் வகுப்பெடுப்பாரா என்பது. பதிலை ஏப்ரல் 21, திங்கள் அன்று சொல்வதாக ஆஸ்பத்திரியில் கூறினார்கள்.

இன்னொன்றும் நிலுவையில். “என்னங்க, பாஸ்வேர்டு என்ன?” என்று கேட்டேன். சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“வேணா.”