இரும்பு முனை வைத்த ஜோடி

என்னங்க,

சாப்பாட்டை அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். பதினொரு மணிக்கு நர்ஸ் உங்கள் காலுக்குக் கட்டு மாற்ற வருவார். சாவியைக் கீழ் வீட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம்.

கிடங்கில் உங்கள் வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். இன்று முதல் நாள். "நீ அந்தப் பக்கமே போகக் கூடாது" என்று நேற்று நீங்கள் கத்தியது நினைவிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. பயமும் இல்லை, அழுகையும் வரவில்லை.

ஷூ வாங்கிவிட்டேன். "லேடீஸுக்கு லேசா இருந்தா போதும்மா" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். "மேல பெட்டி விழுந்தா இது விரலைக் காப்பாத்துமா?" என்றேன். அவர் உள்ளே போய், முனையில் இரும்பு வைத்த ஜோடியை எடுத்து வந்தார். அடிப்பாகம் ஒட்டியதல்ல, தைத்தது. தடித்த சாக்ஸோடு போட்டு நடந்து பார்த்தேன். கனம்தான், ஆனால் கடிக்கவில்லை.

சாப்பிட்ட பிறகு மாத்திரையைப் போடுங்கள்.

இன்னொன்று. அன்று பெட்டி விழுந்தபோது உங்கள் காலில் இருந்த ஷூவை, "இதுதாங்க அழகா இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தவள் நான். இந்த இரண்டு மாதத்தில் நீங்கள் அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. சாயங்காலம் நான் வந்ததும், ஒரே ஒரு தடவை சொல்லித் திட்டிவிடுங்கள்.