மில்லில் எடுத்த பயிற்சி

கோவை,
ஏப்ரல் 1996

அன்புள்ள தோழிக்கு,

எம்.பி.ஏ. கடைசிப் பருவத்தில் உன் அம்மா வேலை செய்யும் மில்லுக்குத்தான் என்னைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் அவர் பக்கத்திலேயே நின்று, எந்த வேலைக்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்தேன்.

"நாங்க படற பாட்டை உள்ளபடி எழுது கண்ணு," என்றார்.

"எழுதறேனுங்கம்மா," என்றேன்.

எட்டுப் பேர் செய்வதை ஐந்து பேரே செய்யலாம் என்று எழுதினேன். அந்த அறிக்கைக்குக் கல்லூரியில் எனக்குத்தான் முதல் மதிப்பெண்.

நேற்று அறிக்கையைத் திருப்பிக் கேட்கப் போனேன். மேனேஜர் சிரித்தார்.

"நல்லாத்தானுங்க அம்மணி எழுதியிருக்கீங்க. மூணு பேர நிறுத்தறதுன்னு முடிவாயிருச்சுங்க. நீங்க திங்கக்கெழமை வேலைக்கு வந்துருங்க."

சனிக்கிழமை உன் அம்மாவிடமும் ஒரு கடிதம் கொடுப்பார்கள். ஷிப்ட் முடியும் நேரத்துக்கு நீ மில் வாசலுக்குப் போய்விடு. நான் வந்து நின்றால், அவர் என்னைத்தான் தேற்றுவார்.

இப்படிக்கு,
உன்னோடு படித்தவள்