ஓட்டின்மேல் கிடக்கும் பல்

பழவங்காடி,
12.8.1986

அன்புள்ள செண்பகவல்லிக்கு உன் வீட்டுக்காரன் உச்சிமாகாளி எழுதுவது. நீயும் பேச்சியும் சுகம்தானே? அத்தைக்கு இருமல் தேவலையா?

எனக்கும் சுகம்தான். போன வாரம் திங்கட்கிழமை டீக்கடையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். பெஞ்சில் வாய் இடித்து முன்பல் ஒன்று முழுசாகக் கழன்று வந்துவிட்டது. பயப்படாதே, வலி போய்விட்டது. பல்லைப் பொதிந்து எறிய இங்கே சாணி ஏது? காகிதத்தில் சுருட்டி, நம் ஊர் வழக்கப்படி ஓட்டின்மேல் எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"பல்லு எவிடே?" என்று கேட்டார் டாக்டர். எறிந்த இடத்தைச் சொன்னேன். "அய்யோ, பாலிலே போட்டு ஒடனே கொண்டு வந்திருந்தா திரும்ப வச்சுப் பாத்திருக்கலாமே!"

நாள் முழுக்கப் பால் சட்டிக்கு முன்னால் நின்று டீ அடிக்கிறவன் நான், செண்பகம். இது தெரியாமல் போயிற்று.

ஓட்டை வாயோடு முன்னால் நிற்க வேண்டாம் என்று முதலாளி என்னைப் பின்பக்கம் கிளாஸ் கழுவ அனுப்பிவிட்டார். அங்கே பேச ஆளில்லை. எனக்கும் வாயைத் திறக்கப் பிடிக்கவில்லை.

நம் கல்யாணப் போட்டோவை அனுப்பி வை. அதில் நான் சிரித்துக்கொண்டிருப்பேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள். பேச்சிக்கும் முன்பல் விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அப்பாவுக்கும் முளைத்துவிடும் என்று அவளிடம் சொல்லி வை.

உச்சிமாகாளி